எடை கேட்காமல் வாங்கிய நவரை

2024 அக்டோபரில் ஏதென்ஸ் நகரத்தில் நான் ஒருவனாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 125 யூரோ 50 சென்ட் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு யூரோவின் மதிப்பு ஏறக்குறைய 91 ரூபாய். வங்கி பிடித்துக்கொண்டதையும் சேர்த்தால் மொத்தம் 12,254 ரூபாய். பாட்டுக்காரருக்குக் கொடுத்த 10 யூரோ தனி. குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தையில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய மீன், இறைச்சி, காய்கறி எல்லாவற்றையும் வாங்கிவிடக்கூடிய தொகை அது. பணம் போனதைக் காட்டிலும், அதைக் கொடுக்க வழி தெரியாமல் அந்நிய ஊரில் முக்கால் மணி நேரம் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு இருந்ததுதான் இன்றும் நினைத்தால் உடம்பைக் கூசச் செய்கிறது. யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். விலை எழுதி வைத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. மீனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிட்டது.

எங்கள் சபையிலிருந்து முப்பத்தைந்து பேர் பவுல் அப்போஸ்தலர் ஊழியம் செய்த இடங்களைப் பார்ப்பதற்காகத் துருக்கிக்கும் கிரேக்க நாட்டுக்கும் போயிருந்தோம். எபேசு, கொரிந்து, கடைசியாக அத்தேனே (ஏதென்ஸ்தான்) என்று வேதத்தில் வாசித்த பெயர்களை எல்லாம் பலகைகளில் பார்த்துக்கொண்டே போனது பெரிய மகிழ்ச்சிதான். மனைவிக்கு மூட்டுவலி இருந்ததால் அவள் வரவில்லை. பயண ஏற்பாட்டாளர்கள் நம்மூர்க்காரர்களின் நாக்கை அறிந்தவர்கள். எந்த ஊரில் தங்கினாலும் சோறு, பருப்பு, கோழிக்கறி, ஊறுகாய் என்று ஒழுங்குசெய்திருந்தார்கள். எட்டு நாள் அதையே சாப்பிட்டதில், மத்தியதரைக் கடலின் கரையில் நின்றுகொண்டு அந்தக் கடலின் மீனை ஒரு துண்டுகூடத் தின்னாமல் ஊருக்குத் திரும்புவதா என்ற ஆதங்கம் எனக்குள் வளர்ந்துவிட்டது. கடைசி நாள் மாலை யாருக்கும் நிகழ்ச்சி இல்லை. பவுல் பிரசங்கித்த மார்ஸ் மேடையில் ஏறி இறங்கிய களைப்பில் மற்றவர்கள் ஓட்டல் அறையில் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒரே ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் வயிறு சரியில்லை என்றார். தனியாகவே கிளம்பினேன். இரண்டாவது ஆள் கூட வந்திருந்தால் இதில் பாதித் தவறு நடந்திருக்காது. உணவை ஒருவர் பார்க்க, விலையை மற்றவர் பார்த்திருப்பார்.

அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் பிளாக்கா என்று ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது. வண்டி நுழைய முடியாத குறுகிய சந்துகள், படிக்கட்டுகளாகவே அமைந்த தெருக்கள், அந்தப் படிகளின்மீதே போட்டிருக்கும் மேசைகள். நான் ஏழரை மணிக்கே போய்விட்டேன். அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்குமேல்தான் உட்காருவார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் மேசைகளில் இருந்தவர்கள் அனைவரும் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் எந்தக் கடையில் உட்காருகிறார்கள் என்று பார்த்து நுழைய வேண்டும் என்று நம்மூரில் சொல்வோம் அல்லவா, அதைப் பார்ப்பதற்கே ஒன்பது மணிவரை பொறுத்திருக்க வேண்டும். வாசலில் நின்ற ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் 'நமஸ்தே' என்று கைகூப்பினார். எட்டு நாள் அந்நிய மொழிகளுக்கு நடுவே இருந்தவனுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. உள்ளே புசூக்கி என்னும் நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியத்தை இருவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பெண்கள் எழுந்து கைகோத்து ஆடினார்கள். பரிமாறுகிறவர்கள் தலைக்குமேல் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு படிகளில் ஏறி இறங்கினார்கள். வாசலில் ஐஸ் கட்டிகளைப் பரப்பி அதன்மேல் மீன்களை அடுக்கியிருந்தார்கள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஐஸ் தட்டில் நவரை இருந்தது. இளஞ்சிவப்பு நிறம், பக்கவாட்டில் மஞ்சள் கோடு, தாடைக்குக் கீழே இரண்டு மீசை. குளச்சலிலிருந்தும் கடியபட்டணத்திலிருந்தும் எங்கள் சந்தைக்கு வருகிற நவரையும் இதுவும் வேறு வேறு இனம்தான், ஆனால் ஒரே குடும்பத்து மீன்கள். அந்த மீசையைக் கண்ட பிறகு சந்தேகம் எதற்கு? கிரேக்கர்கள் அதைப் பர்பூனி என்கிறார்கள். நம்மிடத்தில் நவரை விருந்துக்கு வாங்குகிற மீன் இல்லை. நெய்மீனும் பாறையும் கிடைக்காத நாளில் அம்மா ஒரு கூறு வாங்கி வந்து, மஞ்சளும் மிளகும் புரட்டிப் பொரித்து, மரச்சீனிக் கிழங்கோடு வைத்துக் கொடுப்பாள். அங்கேயோ அது அரசர்களின் மீன். திபேரியு இராயன் ரோமில் ஆண்ட காலத்தில் இவ்வகை மீன்கள் மூன்று, செஸ்டர்ஸ் என்னும் ரோம நாணயம் 30,000-க்கு விலைபோயின என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஆண்டவர் ஊழியம் செய்த காலத்தில் அரியணையில் இருந்த அதே திபேரியுதான். இதைப் புறப்படும் முன்பே வாசித்திருந்தால் ஐஸ் தட்டைப் பார்த்ததும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்திருப்பேன். ஊருக்கு வந்த பிறகுதான் வாசித்தேன்.

மீனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான் என் புலமையைக் காட்டினேன். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தேன், கண் குழிந்திருக்கிறதா என்று பார்த்தேன், வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தேன். பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே 'நீங்கள் மீனவரா?' என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தையில் கூறு வைத்திருப்பதைக் காட்டி 'இதைப் போடு' என்போமே, அதே பழக்கத்தில் ஆறு மீன்களைச் சுட்டிக்காட்டி இவ்வளவும் என்றேன். அவர் அவற்றை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். எடை போட்டதை நான் பார்க்கவில்லை. எடை என்று ஒன்று இதில் இருக்கிறது என்பதே என் நினைவில் இல்லை. எங்களுக்கு மீன் என்றால் கூறு, அல்லது எண்ணிக்கை. கூறுக்கு விலை பேசி முடித்த பிறகு அதில் எத்தனை கிராம் என்று யார் கேட்கிறார்கள்?

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, போகிறவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாட்டு உணவகங்களில் புதிய பெரிய மீனுக்கு விலைப்பட்டியலில் போட்டிருப்பது ஒரு தட்டுக்கான விலை அல்ல, ஒரு கிலோவுக்கான விலை. இத்தாலியில் அதுவே நூறு கிராமுக்கான விலையாகவும் இருக்கும். பார்ப்பதற்குச் சின்னத் தொகையாகத் தெரியும், பத்தால் பெருக்கினால்தான் உண்மை விளங்கும். எடை போடுவது சமைப்பதற்கு முன்னால்; தலை, முள், குடல் எல்லாம் சேர்ந்த எடைக்கே காசு. ஆகவே மீனைச் சுட்டிக்காட்டியதும் அதை உங்கள் கண்முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள், எடையைக் கேளுங்கள், மொத்தம் எத்தனை யூரோ என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்பதை அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை. அன்றைக்கு என் பக்கத்து மேசையில் இருந்த வயதான தம்பதியர் மூன்று மீன்களை மாற்றி மாற்றி எடைபோட வைத்து, நான்காவதை எடுத்துக்கொண்டதை நான் பிறகு கவனித்தேன். எடை கூடுதலாக இருந்தால் சின்ன மீனைக் கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அடுப்பில் வைத்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. அதே கடையில் நம் நெத்தோலியைப் போன்ற கவ்ரோஸ், நம் சாளையைப் போன்ற சர்தேலா ஆகியவை தட்டுக்கு இத்தனை என்று நிலையான விலையில் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு அதுவே உத்தமம். பட்டியலில் ஏதாவது உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி இருந்தால் அது உறைய வைத்த சரக்கு என்று அடிக்குறிப்பில் இருக்கும், அதையும் பாருங்கள்.

மீன் வெந்துகொண்டிருக்கும்போதே மேசை நிரம்பத் தொடங்கியது. ரொட்டிக் கூடை வந்தது. தண்ணீர்ப் புட்டி வந்தது. பிறகு ஒரு பெரிய தட்டில் நாலைந்து கிண்ணங்கள்: தயிரில் வெள்ளரியும் பூண்டும் சேர்த்த சாட்சிக்கி, மீன் முட்டையை அரைத்த தாரமா, சுட்ட கத்தரிக்காய்த் துவையல், திராட்சை இலையில் சோற்றைப் பொதிந்த தொல்மா. நான் எதையும் கேட்கவில்லை. நம்மூர்க் கலியாண வீட்டில் இலையில் முதலில் உப்பும் ஊறுகாயும் வைப்பதுபோல இது அவர்களுடைய வழக்கம் என்று நினைத்து ஒன்று விடாமல் சாப்பிட்டேன். பின்னர் பில்லில் அதற்கு 16 யூரோ 50 சென்ட். எது இலவசம், எதற்குக் காசு என்பதற்கு ஒரு எளிய அடையாளம் இருப்பதைப் பயண வழிகாட்டி மறுநாள் சொன்னார். சாப்பாடு முடிந்த பிறகு கடைக்காரர் கொண்டுவருகிற பழத்துண்டோ இனிப்போ பெரும்பாலும் அன்பளிப்பு. அதற்குக் கேராஸ்மா என்று பெயர், அதற்குக் காசு கொடுக்க முயன்றால் வருத்தப்படுவார்கள். தொடக்கத்தில் கேட்காமல் வருவது பெரும்பாலும் வியாபாரம். வைத்தவுடன் 'இதற்கு விலை உண்டா?' என்று கேட்டு, வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும். நான் தொட்டதோடு நிற்கவில்லை, கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தும் விட்டேன்.

உணவைப் பற்றி நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பரிமாறுகிறவர் பரிந்துரைத்ததன் பேரில் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஒரு தட்டுச் சொன்னேன். நம் கடலிலும் கிடைப்பதுதான், நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். கரியில் சுட்டு, ஒலிவ எண்ணெயும் வினிகரும் விட்டு, கால் ஒன்றை முழுதாக வைத்திருந்தார்கள். வெளியே கருகலாக, உள்ளே நுங்கைப் போல மெதுவாக இருந்தது. பிறகு நவரை வந்தது. மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, புளி இல்லை. உப்புத் தடவி மாவில் லேசாகப் புரட்டிப் பொரித்து, எலுமிச்சை ஒன்றைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். தோல் அப்பளம்போல நொறுங்கியது; அடியில் சதை வெள்ளையாக, இறாலின் இனிப்போடு இருந்தது. முள்ளை எடுக்கத் தெரியாமல் பக்கத்து மேசைக்காரர்கள் முள்கரண்டியோடு போராடியபோது, நான் கையாலேயே முதுகைப் பிரித்து நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்ததைப் பார்த்துப் பரிமாறுகிறவர் கைதட்டினார். ஆறு மீன்களில் நாலரைதான் தின்ன முடிந்தது. மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லலாம் என்பதும் அப்போது தோன்றவில்லை. ஒன்றரை மீன் என்பது, பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.

வாத்தியக்காரர்களில் ஒருவர் மேசை மேசையாக வந்தார். என் அருகில் நின்று எனக்காகவே ஒரு பாட்டு வாசித்தார். சில்லறை இல்லை, 10 யூரோ தாளைக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் அவர் எதிர்பார்த்ததைவிட அது மிக அதிகம் என்று புரிந்தது. ஒன்றிரண்டு யூரோ நாணயங்களை இதற்கென்று தனியாக வைத்திருப்பது நல்லது.

பில்லை ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் சுருட்டி வைத்துக் கொடுத்தார்கள். விரித்துப் பார்த்தேன். அங்கே நாம் புள்ளி வைக்கிற இடத்தில் காற்புள்ளி வைக்கிறார்கள். 125,50 என்று இருந்ததை முதலில் என்னால் வாசிக்கவே முடியவில்லை. பிறகு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தேன். மீன் 0,850 கிலோ, கிலோவுக்கு 80 யூரோ வீதம் 68 யூரோ. பேய்க்கணவாய் 19. தக்காளி, வெள்ளரி, பாலாடைக்கட்டி சேர்த்த சாலட் 12. கேளாமல் வந்த கிண்ணங்கள் 16,50. எலுமிச்சைச் சாறு 4,50. தண்ணீர் 3. ரொட்டி 2,50. மீனை மட்டும் ரூபாயாக மாற்றினேன்: ஆறாயிரத்து இருநூறு. எங்கள் சந்தையில் இருநூறு ரூபாய்க்கு வாங்குகிற கூறு கண்முன் வந்து நின்றது. விலைப்பட்டியலைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்; மீனின் பெயர், அதற்கெதிரே 80,00, அதன் பக்கத்தில் 'கிலோவுக்கு' என்று கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. அதே பட்டியலின் அடியில், ரசீது கொடுக்கப்படாவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்றும் அச்சிட்டிருந்தது. இது அந்த நாட்டுக் கடைகளில் எல்லாம் காணப்படும் அறிவிப்பு. கையால் எழுதிய துண்டுத் தாளைக் கொடுத்துப் பணம் கேட்டால், முறையான ரசீதைக் கேட்டு வாங்கலாம். பட்டியல் விலையிலேயே வரி அடங்கியிருப்பதால் கடைசியில் நம்மூரைப் போல ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு வரி சேராது. சேர்ந்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

உண்மையான துன்பம் இதற்குப் பிறகுதான். என்னிடம் ஊரிலிருந்தே யூரோ ஏற்றிக் கொண்டுபோன பயண அட்டை இருந்தது. அதை நீட்டினேன், எந்திரம் மறுத்தது. கொரிந்துவில் பேரப்பிள்ளைகளுக்குத் தோல் செருப்பு வாங்கியதை மறந்துவிட்டு நூற்றைம்பதுக்குக் குறையாமல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது 38 யூரோ. அடுத்ததாக என் வங்கியின் டெபிட் கார்டைக் கொடுத்தேன், அதுவும் மறுக்கப்பட்டது. கையில் ரொக்கம் 15 யூரோ. பரிமாறுகிறவர் மரியாதையாகத்தான் நின்றார், ஆனால் எந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் தலைக்குமேல் அவர் காத்திருந்த அந்த நிமிடங்களில் பாட்டும் ஆட்டமும் எனக்குக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், தின்றதற்குக் காசில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் கைப்பேசியில் ரோமிங் வசதி எடுக்கவில்லை, ஓட்டலில் வைஃபை இருக்கிறதே என்ற சிக்கனம். ஓட்டலின் பெயர் நினைவில் இருந்தது, தொலைபேசி எண் இல்லை. போதகர் ஐயாவைக் கூப்பிட்டு உதவி கேட்பதா? கேட்டால் நாளைக் காலை பேருந்து முழுக்கத் தெரிந்துவிடும் என்ற வெட்கம் வேறு.

கடையின் வைஃபை கடவுச்சொல் விலைப்பட்டியலிலேயே இருந்தது. அதை வைத்து வாட்ஸாப்பில் பெங்களூருவில் இருக்கும் மகனை அழைத்தேன். ஏதென்ஸில் இரவு பத்தரை என்றால் இந்தியாவில் ஒரு மணி. மூன்றாவது முறை எடுத்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, 'அப்பா, கார்டுல இன்டர்நேஷனலை ஆன் பண்ணினீங்களா?' என்றான். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் 1 முதல் புதிதாகவோ மாற்றியோ கொடுக்கப்படும் கார்டுகள் உள்நாட்டில் ஏடிஎம்மிலும் கடை எந்திரத்திலும் பயன்படுத்துவதற்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்க வேண்டும். வங்கியின் செயலியில் எந்தப் பக்கத்துக்குள் போய் எதைத் தொட வேண்டும் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நடுங்குகிற விரலால் தொட்டேன். திறந்தது. மறுபடி கார்டைச் செருகினால் மறுபடி மறுப்பு. திறந்தபோது நாள் வரம்பு 5,000 ரூபாய் என்று அதுவாகவே அமைந்திருந்திருக்கிறது. அதையும் உயர்த்தி, நான்காவது முயற்சியில்தான் எந்திரம் பின் எண்ணைக் கேட்டது. புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே இருந்து இதைச் செய்வது ஐந்து நிமிட வேலை: கடைப் பயன்பாடு, ஏடிஎம் ஆகிய இரண்டையும் திறந்து, வரம்பை வைத்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். திரும்பியதும் மூடிவிட வேண்டும். செயலி ஓடிபி கேட்கிற வங்கியாக இருந்தால், ரோமிங் இல்லாத கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வராது. அப்போது என் மகனாலும் உதவியிருக்க முடியாது. இன்னொன்று, ஒரே பில்லை இரண்டு கார்டுகளில் பிரித்துக் கட்டலாம். 38 யூரோவை அதிலும் மிச்சத்தை இதிலும் என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்கள். பதற்றத்தில் அதைக் கேட்கத் தோன்றவில்லை. பணத்துக்குப் பதிலாகப் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் போய் வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நல்லவேளையாக அது ஓட்டல் பெட்டகத்தில் இருந்தது. எந்தச் சூழ்நிலையிலும் அதை யாரிடமும் அடகாக வைக்கக் கூடாது.

பின் எண்ணைப் போடுவதற்கு முன் எந்திரம் ஒரு கேள்வி கேட்டது. திரையில் ஒரு பக்கம் 125,50 யூரோ, மறுபக்கம் 12,110 ரூபாய் 75 காசு. எதில் கொடுக்கிறீர்கள்? ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது, அதைத் தொட்டேன். இது ஒரு பொறி. ரூபாயைத் தொட்டால் எந்திரத்துக்குப் பின்னால் இருக்கிற நிறுவனம் தன் விருப்பப்படி ஒரு மாற்று விகிதத்தை வைத்துக்கொள்கிறது. எனக்கு அது யூரோவுக்கு 96 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் என் வங்கி, வெளிநாட்டில் ரூபாயில் கட்டியதற்கென்று ஒரு விழுக்காடும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடித்தது, 143 ரூபாய். யூரோவைத் தொட்டிருந்தால் வங்கியின் மூன்றரை விழுக்காட்டுக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்தாலும் சுமார் 11,890 ரூபாயில் முடிந்திருக்கும். வித்தியாசம் 360 ரூபாய்தான், அழுவதற்கு உரிய தொகை இல்லை. ஆனால் மீனுக்காவது நாலரை நவரை கிடைத்தது, இதற்கு எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டுக் காசையே தொடுங்கள். சில கடைகளில் பரிமாறுகிறவரே நமக்காகத் தொட்டுவிடுவார், எந்திரத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை விமானத்துக்கு நேரம் இருந்ததால் அதினாஸ் தெருவில் இருக்கும் வர்வாக்கியோஸ் என்னும் மையச் சந்தைக்கு நடந்து போனேன். நம் வடசேரிச் சந்தையைக் கூரைபோட்டு மூடியதுபோன்ற இடம். அதே ஈரத்தரை, அதே கூச்சல், அதே வாடை. மீன்காரர் ஒவ்வொருவரும் கிலோ விலையை அட்டையில் எழுதிக் குத்தி வைத்திருந்தார்கள். பர்பூனிக்கு அருகிலேயே அதன் தம்பியைப்போல இன்னொரு மீன், மீசை உண்டு, உடம்பு கொஞ்சம் சிறியது, விலையும் குறைவு. பெயர் கேட்டேன், குத்சுமுரா என்றார்கள். அதுவும் நவரைக் குடும்பம்தான். இந்த நடையை முதல்நாள் காலையில் நடந்திருந்தால் இரவில் எதைக் கேட்பது, எவ்வளவுக்குக் கேட்பது என்று தெரிந்திருக்கும். எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் முதலில் மீன் சந்தையைப் பார்த்துவிட்டு உணவகத்துக்குப் போவது என்று இப்போது வைத்திருக்கிறேன்.

வீட்டில் ஒரு வாரம் வரைக்கும் சொல்லவில்லை. வங்கிக் குறுஞ்செய்தியை மகன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவள் முதலில் கேட்டது விலையைப் பற்றி அல்ல. 'நவரையா? அது முள்ளு மீனல்லவா, அதுக்குப் போயா?' என்றாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகள் வந்திருந்தபோது எல்லோருமாகக் கோவளம் போனோம். அங்கும் கடற்கரை உணவகத்து வாசலில் ஐஸ் தட்டு, மீன் வரிசை. பட்டியலில் மீனுக்கு எதிரே விலை இல்லை, 'அளவைப் பொறுத்து' என்று மட்டும். நம் கன்னியாகுமரியிலும் விடுமுறைக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் இதைத்தான் எதிர்கொள்கிறார்கள், நாம் உள்ளூர்க்காரர்கள் என்பதால் கவனித்ததில்லை. மருமகன் ஒரு பெரிய பாறை மீனைக் கைகாட்டினார். நான் தராசைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு கிலோ எழுநூறு கிராம். விலையை எழுதித் தரச் சொன்னதும் கடைக்காரர் முதலில் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். பிறகு தானாகவே நூற்றைம்பது ரூபாய் குறைத்து எழுதினார். மருமகனுக்குச் சங்கடமாக இருந்தது, எனக்கு இல்லை.

அடுத்த ஆண்டு எங்கள் சபையிலிருந்து இரண்டாவது குழு கிளம்பியது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி அதில் போனார். கார்டைத் திறப்பதற்கு அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, செயலியில் வரம்பைப் போட்டுக் கொடுத்தேன். ரசீதையும் கொடுத்து அனுப்பினேன். வெப்ப அச்சுத் தாள் என்பதால் எழுத்துகள் பெரும்பாலும் வெளுத்துப் போயிருந்தன. 0,850 மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்தது, அதன்மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன்.